உப்பு ரோட்டில் ஒரு மொரிஸ் மைனர்

மழையில் நனைந்த செம்மறியாட்டின் மணம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். தெரியாதவர்கள் ஈரக் கம்பளிச் சட்டையை அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டதாக நினைத்துக்கொள்ளலாம். என் பள்ளிக்கூடச் சட்டை, புத்தகப்பை, தலைமயிர் எல்லாவற்றிலும் அந்த மணம்தான். செம்மறி ரோமத்திலிருந்து எடுக்கும் மஞ்சள் பிசுக்கை அம்மா தகர டப்பாவில் வாங்கி, 'குசினி' அடுப்பில் இளக்கி, எங்கள் மொரிஸ் மைனர் காரின் அடிப்பக்கம் முழுக்கத் தூரிகையால் பூசுவார். "ஆட்டு நெய்" என்பது அதற்கு எங்கள் வீட்டுப் பெயர். வகுப்பில் பிள்ளைகள் என்னைக் கண்டால் ஆடுபோலக் கத்துவார்கள். நான் அவர்களைவிடப் பலமாகத் திருப்பிக் கத்துவேன்.

அப்பா இருந்தவரை அந்தக் காருக்கு நெய்யும் தேவைப்படவில்லை, ரோட்டும் தேவைப்படவில்லை. மெல்பேர்னில், ரோவில் என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டுக் கராஜில், அது போர்வை போர்த்திக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் போர்வையை நீக்கி, அதன் வெளிர்பச்சை மேனியைத் துடைத்து, தெருமுனைவரை தனியாக ஓட்டிப் போய்த் திரும்புவார். வானம் கொஞ்சம் இருண்டால் அதுவும் கிடையாது. எனக்கு எட்டு வயதானபோது மாரடைப்பில் அவர் போய்விட்டார். வேலைக்காகக் கொடுத்திருந்த காரைக் கம்பனி திருப்பி எடுத்துக்கொள்ள, எங்களுக்கு மிஞ்சியது மொரிஸ் மைனர் மட்டும்தான்.

அம்மா தாதி. பனிச்சறுக்குக்குப் பெயர்போன ஒரு மலையின் உச்சியிலிருந்த கிளினிக்கில் அவருக்கு வேலை கிடைத்தது. மலையடிவாரச் சிற்றூரில் சின்ன வீடொன்றை வாடகைக்கு எடுத்தோம். மலை ரோட்டில் பனி இறுகாமலிருக்க உப்புத் தூவுவார்கள், அந்த உப்பு பழைய இரும்பைத் தின்றுவிடும் என்று கேள்விப்பட்டதும், அம்மாவின் தம்பியான மாமா பதறிக்கொண்டு வந்தார்.

"அத்தான்ரை ஞாபகமா இருக்கிறது இது ஒண்டுதான், அக்கா. உப்பிலை ஊறவிடப் போறியளோ? என்ரை கராஜிலை விடுங்கோ."

"அத்தான் அதை வச்சுக் கும்பிட்டவர்" என்றார் அம்மா, சாவியை எடுத்தபடி. "நான் ஓடப்போறன்."

ஓடினார். பின்சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டி, இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் எங்களை, பனிச்சறுக்குக் கட்டைகளைத் தலையில் கட்டிய பெரிய வாகனங்கள் ஹோர்ன் அடித்து முந்திப் போகும். மலை வாசலில் வாகனங்களைச் சோதிக்கும் ஆள் தினமும் இந்தக் கார் ஏறுமா என்று கேட்க, அம்மா தினமும் சங்கிலியைக் காட்டுவார். வேலை முடிந்து வந்ததும், எவ்வளவு களைத்திருந்தாலும், புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் சுழல்குழாயைக் காருக்கு அடியில் தள்ளித் திறந்துவிடுவார். அது கீழே சுற்றிச் சுற்றி உப்பைக் கழுவும். கதவுகளின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளைப் பின்னல் ஊசியால் குத்தி விடுவார். பனிக்காலத்தில் காருக்குக் குளிக்க வார்க்கிற பெண்ணைப் பார்த்து அயலவர்கள் சிரித்தார்கள். அம்மா அவர்களுக்குக் கையசைத்தார்.

இவ்வளவு செய்தும் உப்பு ஒரு இடத்தில் வென்றது. மூன்றாவது குளிர்காலத்தில், முன்பக்கத்துப் பயணி கால் வைக்கும் இடத்தில் கைகொள்ளும் அளவு ஓட்டை விழுந்தது. அதை ஒட்டுவதற்குப் பட்டறையில் மறு வாரம்தான் நேரம் கிடைத்திருந்தது. அதற்கு முந்திய ஞாயிறு காலை, சொல்லாமல் கொள்ளாமல், பழைய கார் சேகரிக்கும் ஒருவரை மாமா கூட்டிக்கொண்டு வந்தார். சேகரிப்பவர் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தன் காரில் ஏறிப் போய்விட்டார்.

"பாத்தியளோ, அழிச்சுப்போட்டியள்" என்றார் மாமா.

"ஓட்டை விழுந்தா ஒட்டலாம். ஓடாமல் நிண்டா அதுக்கு என்ன வைத்தியம்?"

மதியம் அம்மாவுக்கு வேலை. பனி கொட்டத் தொடங்கியிருந்தது. "இந்த ஓட்டைக் காரிலை நான் விடமாட்டன்" என்று மாமா பிடிவாதமாக எங்களைத் தன் புத்தம்புதுக் காரில் ஏற்றினார். மலை வாசலில் அந்த ஆள் எட்டிப் பார்த்தார், சங்கிலி இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து மொரிஸ் மைனரை எடுத்தார். உங்களைத் தனியாக விட ஏலாது என்று மாமாவும் முன்னால் ஏறினார், நான் பின்னால்.

வழி முழுக்க மாமா கால்களை அகல விரித்துக்கொண்டு, நடுவில் ஓட்டையூடாகத் தெரிகிற ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். ஓட்டையை அரைகுறையாக மூடி அம்மா ஒட்டியிருந்த காகித மட்டை ஒரு வளைவில் பிய்ந்து போக, உப்புச் சேறு பீறிட்டு அவருடைய காலுறைகளையும் முழங்கால்களையும் நனைத்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. பெரிய வாகனமொன்று பனிக்குள் சறுக்கி ஒதுங்கி நிற்க, நாங்கள் அதைக் கடந்து முனகி முனகி ஏறினோம்.

உச்சியில் கார் நின்றதும் மாமா இறங்கவில்லை. ஈரக் கால்களைப் பார்த்தபடி சொன்னார்:

"அத்தான் ஒருநாளும் என்னை இதிலை ஏத்தினவரில்லை, அக்கா."

"என்னையும்தான்" என்றார் அம்மா.

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அப்பா போனபின் அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஓட்டை ஒட்டப்பட்டது. பிறகு வேறு ஓட்டைகள் வந்தன, அவையும் ஒட்டப்பட்டன. நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அந்தக் கார் ஒவ்வொரு குளிர்காலமும் மலை ஏறியது. கடைசியில் காரைத் தாங்கும் இரும்புச் சட்டமே உக்கி, இனி ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை என்றானபோது, கட்டி இழுக்கும் வண்டியை அனுப்புவதாகப் பழைய இரும்புக் கடைக்காரர் சொன்னார். "வேண்டாம், நானே கொண்டுவாறன்" என்று அம்மா அதைத் தானே ஓட்டிப் போய், தராசுத் தட்டில் ஏற்றி நிறுத்தி, இறங்கிக் கதவைச் சாத்தினார்.

இப்போது அம்மா என்னோடு மெல்பேர்னின் டார்னெய்ட்டில் இருக்கிறார். இங்கே பனி விழுவதில்லை. அந்த இரும்புக் கடை இருந்த இடத்தில் வீடுகள் முளைத்துவிட்டன. கிளினிக்கை இடித்து விடுதி கட்டிவிட்டார்கள். மலையிலும் முன்போலப் பனி கொட்டுவதில்லை என்கிறார்கள். போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்தில், பழைய கார்ப் பிரியரான ஒரு அங்கிள், எங்கள் கதையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ அன்ரி, அந்தக் காரை மட்டும் கவனமா வச்சிருந்தியள் எண்டால் இண்டைக்கு என்ன விலை போகும்!"

அம்மா வடையைக் கடித்து, அவசரமில்லாமல் மென்று விழுங்கினார்.

"வச்சிருந்தா, வச்சு மட்டும்தான் இருந்திருப்பம்" என்றார். "அவ்வளவுதான்."