நார்த்தாமலையில் ஒத்திகை

முதுகில் பையை மாட்டிக்கொண்டு வியட்நாம் போகப் போகிறோம் என்று சொன்னபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் வெளிநாடு போவதென்றால் சம்பாதிக்கப் போக வேண்டும், இல்லையென்றால் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போக வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் இரண்டு பொம்பளைகள் சும்மா மலையேறிப் பார்த்துவிட்டு வரப் போகிறோம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

நான் அறிவியல் டீச்சர். கூட வர இருந்தவள் வரலாறு டீச்சர். பதினெட்டு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூம். நேரில் ‘வாங்க போங்க’தான், மனசுக்குள் அவள் எனக்கு அவள்தான். அவள் கணவர் எங்களைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். “மூட்டை தூக்குறதுக்கு வியட்நாம் எதுக்கு டீச்சர்? ரேஷன் கடைக்குப் போனா போதாதா?” என்பார்.

அரசு வேலையில் இருப்பவர்கள் வெளிநாடு போக மேலிடத்து அனுமதி வேண்டும். அதற்காக நாங்கள் நடந்த நடையில் வியட்நாமையே ஒரு சுற்று சுற்றியிருக்கலாம். ஒருவழியாகக் கடிதம் கைக்கு வந்தது. சென்னையில் இருக்கும் என் மகன் மட்டும், “டீச்சர் வர்றாங்கன்னா போயிட்டு வாம்மா. தனியான்னா வேண்டாம்” என்று கறாராகச் சொல்லிவிட்டான். அவள் வராவிட்டால் நானும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாரம் தூக்கிப் பழகுவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் நார்த்தாமலை போனோம். பையில் ஆளுக்குப் பத்து கிலோ அரிசி. மேல்மலைப் பாறையில் கோயில் வரைக்கும் ஏறி, கொஞ்சம் உட்கார்ந்து, இறங்கி, மறுபடி ஏறுவோம். முதல் இரண்டு வாரமும் அவள்தான் எனக்கு முன்னால் போனாள்.

மூன்றாவது ஞாயிறு, பாதிப் பாறையில் நின்றுவிட்டாள். “செத்த உக்காருவமா டீச்சர்?” என்றாள். வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனால் அவளுக்கு ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. “நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. தாடை வேற வலிக்குது.”

“வெறும் வயித்தோட வந்தீங்கள்ல. கேஸ்தான்” என்றேன். பையிலிருந்து இஞ்சி மரப்பா எடுத்துக் கொடுத்தேன். அவள் வாயில் போட்டு மென்றாள். கொஞ்ச நேரத்தில் பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. “பாத்தீங்களா” என்றேன், ஏதோ நிரூபித்துவிட்டவள் மாதிரி.

வருடா வருடம் கரும்பலகையில் சிவப்பும் நீலமுமாக இதயம் வரைகிறவள் நான். என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது வலி தாடையில்தான் ஆரம்பித்தது, நான் பக்கத்தில் இருந்தேன். தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வாயே கிடையாது. டாக்டரிடம் போனால் ஈசிஜி எடுப்பார்கள், மலையேறக் கூடாது என்பார்கள், பயணம் போச்சு. பாறையில் உட்கார்ந்துகொண்டு நான் கணக்குப் போட்டது இதைத்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இறங்கும்போது அவளே கேட்டாள். “எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிரவா டீச்சர்?”

“இந்த நேரத்துல போயி நின்னா ஊர்ப்பட்ட டெஸ்ட் எழுதுவாங்க. போயிட்டு வந்து காட்டிக்கலாங்க.”

“சரிங்க டீச்சர்” என்றாள். அன்று அவள் பையில் இருந்த அரிசியையும் நானே சுமந்து வந்தேன். அதைப் பெரிய உதவியாக நினைத்து பஸ் வரும்வரை நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் பயணக் காப்பீட்டுக்கு என் போனில் நான்தான் இரண்டு பேருக்கும் விவரம் நிரப்பினேன். இதயத் தொந்தரவு உண்டா என்று ஒரு கேள்வி. அவளுக்கு ‘இல்லை’ என்று தொடும்போது விரல் கொஞ்சம் நின்றது. பிறகு தொட்டுவிட்டேன்.

அதற்கடுத்த நாட்களில் அவள் மழைக்கோட்டு வாங்கினாள், பருப்புப் பொடி அரைத்தாள், அங்கே தயிர் கிடைக்குமா என்று விசாரித்தாள். நான் அவளிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம். அடுத்த ஞாயிறு ஏதோ சாக்குச் சொல்லி ஒத்திகையை மட்டும் நிறுத்தினேன்.

வியாழக்கிழமை காலையில் அடுப்படியில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. விமானத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அவள் கணவர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் ஏதாவது கேட்டால் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். அவர் கேட்கவில்லை, அவராகவே பேசினார்.

“ஒரு வாரமாவே நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா டீச்சர். வா, டாக்டர்ட்ட போவோம்னு நான் வண்டிய வெளிய எடுத்துட்டேன். ‘எங்க டீச்சரு பாத்துட்டாங்க, கேஸ்தான்னு சொல்லிட்டாங்க, அவங்களுக்குத் தெரியாததா’ன்னா. சயின்ஸ் டீச்சர் நீங்களே சொன்னா சரியாத்தான இருக்கும்னு நானும் வண்டிய மறுபடி உள்ள விட்டுட்டேன்.”

அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. “ஆமா சார், நான்தான் சொன்னேன்” என்றேன். தாடை வலியைப் பற்றிப் பேச்செடுக்க வாய் வரவில்லை.

“ஒங்க மேல அவளுக்கு அம்புட்டு நம்பிக்கை டீச்சர்” என்றார். இலை போட்டிருக்கிறது, சாப்பிடாமல் போகக் கூடாது என்று உள்ளே கூட்டிப் போனார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.