தளபதியின் லைனை வெட்டியவள்

வீட்டில் வைத்த பெயர் வேறு. டெலிபோன் அறைக்கு வந்த முதல் வாரமே கூட வேலை பார்த்த பெண்கள் அவளைக் ‘கீச்சு’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆள் நல்ல வாட்டசாட்டம். குரல் மட்டும் குருவியிடம் கடன் வாங்கியது. ஆனால் எத்தனை இரைச்சலிலும் அந்தக் குரல் கம்பி வழியே பிசிறில்லாமல் போய்ச் சேரும். சைக்கிள் கடைக்காரர் மகள். அண்ணன் போர்முனைக்குப் போன பிறகு, பெண்களும் சேரலாம் என்று ராணுவம் அறிவித்ததும் அப்பாவிடம் மல்லுக்கட்டிச் சேர்ந்துவிட்டாள்.

‘துணைப் பணி’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். துணையாம், துணை! மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் அந்தப் பெண்கள் உட்கார்ந்து கம்பிக்குக் கம்பி பிளக்கை மாற்றிச் செருகாவிட்டால், மேலே இருந்த மீசைகள் ஒன்றோடொன்று ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. தலைக்கு மேல் குண்டு விழும். கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். தலையைத் தட்டிக்கொண்டு அடுத்த அழைப்பை எடுப்பார்கள். அதைப் பாராட்ட ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சேரும்போது சத்தியம் வாங்கியிருந்தார்கள். பேச்சு முடிந்துவிட்டதா என்று பார்க்க லைனில் ஒரு கணம் காது கொடுக்கலாம். அப்போது காதில் விழுந்ததைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் சிறை. இன்னொரு விதியும் உண்டு. சிவப்புப் புள்ளி வைத்த லைன்கள் பெரிய அதிகாரிகளுடையவை. உலகமே புரண்டாலும் அவற்றை நடுவில் வெட்டக் கூடாது.

அன்று காலை விழுந்த குண்டில், ஊருக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்துவிட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கம்பியில் தளபதி தன் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் குன்றின் மேலிருந்த காவல் சாவடி அழைத்தது. விமானங்கள் ஊரை நோக்கி வருகின்றன, தீயணைப்பு நிலையத்தில் சொல்லிச் சங்கை ஊதச் சொல்லுங்கள் என்றான் அங்கிருந்த காவல்காரன். அந்த நிலையத்துக்கும் அதே ஒற்றைக் கம்பிதான்.

கீச்சு தளபதியின் லைனில் நுழைந்து, மரியாதையாகவே, அவசரம் ஐயா, லைன் வேண்டும் என்றாள். அவர் கூடத்துத் திரைச்சீலைக்கு நீலமா பச்சையா என்று மனைவியோடு விவாதத்தில் இருந்தார். குறுக்கே பேசுகிறவள் யார் என்று எரிந்து விழுந்துவிட்டு மறுபடி பச்சைக்குத் திரும்பினார். இன்னொரு தடவை கெஞ்சினாள். அவர் பச்சையை விடவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். கீச்சு அந்தக் கையை உதறிவிட்டு, சிவப்புப் புள்ளிக்குக் கீழே இருந்த பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினாள்.

சங்கு ஊதியது. சந்தையில் நின்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் பதுங்கு குழிக்குள் இறங்கிய பிறகுதான் குண்டு விழுந்தது. சந்தை தரைமட்டம். ஆட்கள் பிழைத்தார்கள். பதுங்கு குழிக்கு ஓடியவர்களில் தளபதியின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த மனிதர் அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டாமா? விசாரணைக்கு இழுத்தார்.

மூன்று அதிகாரிகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்திருந்த உதவியாளருக்கு முக்கியமான ராணுவ உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தேன், அதை நடுவில் வெட்டிவிட்டாள் என்றார் தளபதி, கண் இமைக்காமல். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்கு மதி எங்கே போயிற்று? மூவரும் தலையாட்டினார்கள். நடுவில் இருந்தவர் அவள் பக்கம் திரும்பி, தளபதி என்ன பேசினார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அதுதான். சொன்னால் சத்தியத்தை மீறிய குற்றம், சிறை. சொல்லாவிட்டால் உத்தரவை வெட்டியவள் என்ற பழி. இது தெரிந்துதான் தளபதி அத்தனை நிம்மதியாக நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீச்சு நடுவில் இருந்தவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் சொல்லக் கூடாதுங்க ஐயா. சத்தியம் வாங்கியிருக்கீங்க. எதிர்முனையில பேசினவங்க எந்தச் சத்தியமும் பண்ணலையே. அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க.”

தளபதி வீட்டு அம்மாளை விசாரணைக்கு அழைப்பதா? மூவருக்கும் முகம் கறுத்துவிட்டது. அன்றே அவளுடைய சீருடையை வாங்கிக்கொண்டு, ‘கட்டளை மீறியவள்’ என்று சான்றெழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சான்றோடு எந்த டெலிபோன் நிலையமும் அவளைச் சேர்க்கவில்லை. ஏன் துரத்தினார்கள் என்று தெரியாத தெரு, தானே ஒரு காரணத்தைக் கட்டிவிட்டது. பெண்பிள்ளை விஷயத்தில் தெரு எந்தக் காரணத்தைக் கட்டும் என்று சொல்லத் தேவையில்லை. வந்த வரன்கள் வாசலோடு திரும்பின. நடந்ததை அப்பாவிடம்கூடச் சொல்ல முடியாமல் சத்தியம் வாயைக் கட்டியது. அவர் ஒரே ஒரு தடவை கேட்டார்.

“உன் மேல தப்பு இருக்காம்மா?”

“இல்லப்பா.”

“சரி, அந்த ட்யூபை இப்படி எடு” என்றார். அன்றிலிருந்து அவளும் கடையில் உட்கார்ந்தாள்.

போர் முடிந்ததும் தளபதிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். எதற்கு? தக்க நேரத்தில் எச்சரிக்கை செய்து ஊரைக் காப்பாற்றியதற்கு! வெட்கம் என்று ஒன்று கடையில் விற்றால் அந்த மேடைக்கு ஒரு மூட்டை வாங்கி அனுப்பியிருக்கலாம். கீச்சு அன்று முழுக்க ஒரே சக்கரத்தின் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார். அடுத்த வருடம், எதுவும் தெரியாமலே, அவர் போய்ச் சேர்ந்தார்.

தளபதியும் ஒருநாள் காலமானார். பத்திரிகையில் பெரிய படம் போட்டார்கள். அதற்குச் சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவர் மனைவி கடை தேடி வந்தார். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். தான் இன்னார் என்று சொன்னார். கீச்சு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

“அன்னைக்கு நாங்க என்ன பேசினோம்னு எனக்குத் தெரியும்மா. இத்தனை வருஷமா மனசு அறுக்குது. விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தா உள்ளதை உள்ளபடி சொல்லியிருப்பேன்.”

கீச்சு கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். கோபம் வந்தால் அவள் குரல் இன்னும் மெலிந்துவிடும்.

“எங்க அப்பா சாகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கலைங்கம்மா. எனக்குச் சத்தியம் இருந்துச்சு. உங்களுக்கு என்ன இருந்துச்சு?”

அந்த அம்மாள் உட்காரவில்லை.