முன்சீப் அம்மா திருப்பியனுப்பிய நெய்மீன்

டிவியில் யாராவது நீதித்துறையின் சுதந்திரம் என்று ஆரம்பித்தால் எனக்கு ஒரு நெய்மீன்தான் ஞாபகம் வருகிறது. வாழையிலையில் பொதிந்த, நல்ல கை நீள மீன். குழித்துறையில் முன்சீப் அம்மாவின் குடியிருப்பு வாசலில், காலையில், அதை ஏந்திக்கொண்டு கடியப்பட்டணத்து அக்கா நின்றிருந்தார். நான் அப்போது அம்மாவின் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க். கையெழுத்து வாங்கப் போயிருந்தேன்.

அந்த அக்காவின் வழக்கு அம்மாவிடம்தான் இருந்தது. கரையில் வள்ளம் ஏற்றிவைக்கும் இடத்தை ஐஸ் கம்பெனி முதலாளி ஒருவர் மதில் கட்டி வளைக்கப் பார்த்தார். இடம் போனால் அக்காவின் மகனுக்குத் தொழில் இல்லை. வாதம் முடிந்து தீர்ப்புக்கு வைத்திருந்த சமயம், மகன் புது வள்ளம் இறக்கினான். முதல் நாள் மீனில் நல்லதை மாதா கோயில் பங்குச் சாமியாருக்கும் மதிப்பானவர்கள் வீட்டுக்கும் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

"புது வள்ளத்துல மொதல்ல ஏறின மீனாக்கும் அம்மா. சாமியாருக்கு ஒண்ணு குடுத்தாச்சு. இது உங்களுக்கு" என்றார் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக.

அம்மா மீனைத் தொடவில்லை. "எடுத்துட்டுப் போங்க. இனி உங்க கேஸை நான் பாக்க முடியாது" என்றார். அன்றே நடந்ததைத் திறந்த மன்றத்தில் சொல்லிப் பதிவு செய்தார். வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்லி மாவட்ட நீதிபதிக்கும் எழுதினார். "இனி நான் என்ன எழுதினாலும் மீன் எழுதின தீர்ப்புன்னுதான் சொல்லுவாங்க" என்றார் என்னிடம். வழக்கு நாகர்கோவிலுக்குப் போனது. மறுபடி முதலிலிருந்து வாதம். கேட்டவர் மாற்றலாகிப் போனார், வந்தவர் நீண்ட விடுப்பில் போனார். அதற்குள் மதில் எழும்பிவிட்டது.

வக்கீல்கள் அறையில் அந்தக் காலத்திலும் பேச்சுக்குக் குறைவில்லை. மூப்பு இருந்தும் தலைமைப் பதவி கிடைக்காத நீதிபதிகள், நெருக்கடி நிலையில் ஊர் ஊராகத் தூக்கியடிக்கப்பட்டவர்கள் என்று பெரியவர்கள் தொண்டை வறளப் பேசுவார்கள். பிறகு, நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுப்பதா, அரசுக்கும் பங்கு உண்டா என்று சண்டை வந்தது. இன்றும் அதே சண்டைதான், சட்டைதான் புதிது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அம்மா செய்தது சரி. இழந்தது அக்கா. இந்த இரண்டையும் சேர்த்துப் பேச இத்தனை வருடத்தில் எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் நாகர்கோவில் பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். மகன் வள்ளத்தை விற்றுவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டானாம். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மக்கா, அந்தம்மா மீனு திங்கமாட்டாவளோ? அதுக்காக்கும் அண்ணைக்கு அவ்வளவு கோவம்?"

"இல்லக்கா. மீனு இல்லாட்டா அவங்களுக்குச் சோறு எறங்காது."

பஸ் வந்தது. அக்கா கூடையை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"நாங்களும் அதத் திங்கல மக்கா. ஒருத்தருக்குன்னு குடுத்தத வீட்டுல ஆக்கப் பிடாதுல்லா. கடல்லயே விட்டுட்டோம்."