கிற்றாருக்கு நடுவில் ஒரு பேச்சு

சுஷி உருட்டுவது என்பது, சுருக்கமாகச் சொன்னால், ஆறிப்போன சோற்றை விலை கூட்டி விற்கிற தொழில். வீட்டில் ஆறின சோறு வைத்தால் கோப்பையைத் தள்ளிவிடுகிற நம்மவர்கள் எத்தனையோ பேர் இன்று இத்தாலியில் அதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறோம். பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் உருட்டுகிற கடைக்கு முதலாளி ஒரு சீனப் பெண், சிஞோரா லின். பெயர்ப்பலகை யப்பான். சமையல்காரன் யாழ்ப்பாணம். சாப்பிட வருகிறவர்கள் சிசிலிக்காரர். என்னைப்போல வினாகிரி மணக்கிற விரல்களோடு வீடு திரும்புகிற சகோதரங்களே, எனக்கு நடந்ததில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். பாட்டு மட்டும் நடந்திராது.

வடக்கா, தெற்கா

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் கவுண்டரில் சாய்ந்து நின்று, யப்பானில் எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். இலங்கை என்றேன். அது யப்பானில் ஒரு பட்டினம் என்று எடுத்துக்கொண்டார். திருத்தலாம் என்று வாயைத் திறக்க முன்னரே, வடக்கிலா தெற்கிலா என்று அடுத்த கேள்வி வந்துவிட்டது. வடக்கு என்றேன். அதுவும் உண்மைதான்.

இத்தாலியின் தென்கோடிக்காரருக்கு வடக்கத்தியாரென்றால் ஆகாது. ஆனாலும் என்மேல் இரக்கப்பட்டு அவருடைய முகம் இளகிவிட்டது. தோளில் தட்டிச் சொன்னார்: “பரவாயில்லை. எல்லாரும் தெற்கிலை பிறக்கேலுமே?”

வெளியே வராத கசெற்

இங்கே வர முன்னர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஆள் ஏற்றுகிற வான் ஓடினேன். யப்பான்காரர் ஓடி முடித்து அனுப்பிய வான். அதன் றேடியோவும் யப்பான் அலைவரிசையைத்தான் தேடும்; நம்முடைய நிலையம் ஒன்றும் பிடிக்காது. பழைய சொந்தக்காரன் விட்டுவிட்டுப் போன கசெற் ஒன்று உள்ளே இறுகிக் கிடந்தது. கத்தியால் நெம்பியும் வரவில்லை. ஆகவே போகும்போதும் வரும்போதும் அதே ரொக் பாட்டுக்கள். ஒரு சொல் விளங்காது, ஆனால் ஒரு மூச்சுப் பிசகாமல் கூடவே பாடுவேன். பாடகன் தொண்டை கிழியக் கத்துகிற இடம் வந்தால் எனக்கும் நெஞ்சை அடைக்கும். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அந்தப் பாட்டுக்களென்றால் உயிர்.

ஒருமுறை விசா அலுவலாகக் கொழும்புக்கு வந்த ஒரு அம்மா வவுனியா வரும்வரை பொறுத்துக்கொண்டிருந்தார். பிறகு முன் இருக்கைப் பக்கம் தலையை நீட்டினார்: “தம்பி, உந்தப் பெடியன் அழுறதை ஆரும் போய் என்னெண்டு கேக்கேல்லையோ?”

வாயால் வேலை

மீன் வெட்டுவதில் நான் மெதுவு. சிஞோரா லின் அதை முதல் கிழமையே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் வெட்டிக்கொண்டே நான் முணுமுணுத்ததைக் கேட்டு, யப்பான் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த நாற்பது வயதுக்காரர் சிலர் சோயாப் போத்தலும் கையுமாக எழுந்து வந்தார்கள். இவை தொண்ணூறுகளில் யப்பானைக் கலக்கிய ரொக் பாட்டுக்கள் என்று போனில் தேடி எனக்கே அறிவித்தார்கள். சிஞோரா லின் உடனே ஒரு கரோக்கே மெசின் வாங்கினார்.

எங்கள் கடையில் வியாழக்கிழமை ஈ ஓட்டுகிற நாள். கோடை முடிய முன்னர் வியாழன் நிரம்பினால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் முன்பு மண்டரின் தோடம்பழம் பிடுங்கிய சியாகுல்லித் தோட்டத்துக்கே நான் திரும்பிப் போகலாம். ஏணியில் நின்று நின்று இரண்டு முழங்காலையும் அங்கே கொடுத்துவிட்டு வந்தவன் நான். உண்மையாகவே பயந்தேன்.

மெசினைக் கையில் தந்தபோது சிஞோரா லின் சொன்னது: “உன்ரை கத்தி மெதுவு. வாய் கெதி. வாயாலை உழை.”

வட்ட எழுத்து

ஒரு பாட்டின் வரியை எழுதித் தரும்படி ஒரு பெடியன் கேட்டான். யப்பான் எழுத்து எனக்குத் தெரியாது, தமிழில்தான் எழுதுவேன் என்றேன். தமிழ் என்றால் யப்பானில் பழைய எழுத்தோ என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திருக்காமல் பேனையை நீட்டினான். கேட்டபடியே எழுதிக் கொடுத்தேன். அடுத்த கிழமை அது அவனுடைய முழங்கையில் பச்சை குத்தியபடி வந்தது. எழுத்துப்பிழை இல்லை.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான்: “யப்பான் எழுத்து இவ்வளவு வட்டமா இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை.”

கண்ணை மூடிச் சொல்வது

கசெற்றின் கடைசிப் பாட்டில், கிற்றார் அழுதுகொண்டு போகிற இடத்தில், இசைக்கு மேலே ஒரு ஆண்குரல் தணிந்து கதைக்கும். நான் அதையும் விடுவதில்லை. கண்ணை மூடி, மைக்கை நெஞ்சோடு பிடித்துச் சொல்வேன். போனில் தேடியவர்களுக்கு அந்தப் பேச்சு எங்கும் அகப்படவில்லை. ஏதோ அபூர்வமான பதிவு என்று என்மேல் மரியாதைதான் கூடியது. நகர பஸ் ஓட்டுகிற சால்வோ, அந்த இடம் வந்தால் சாப்பிடுகிற குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு அழுவார். மேசைகள் நிரம்பத் தொடங்கின.

நகரத்தின் கால்சாப் பகுதியில் நடந்த ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளை அதை என்னிடம் பாடமாக்கி, முழங்காலில் நின்று பெண்ணுக்குச் சொன்னான். பெண்ணின் தாய் லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்: “என்ரை மனுசன் இத்தனை வருசத்திலை உப்பிடி ஒரு வார்த்தை எனக்குச் சொன்னதில்லை.”

உண்மையான யப்பான்

கோடை முடிகிற நேரம், ஒரு வியாழனன்று யப்பான் பெண் ஒருவர் தனியே வந்து மூலை மேசையில் இருந்தார். இங்கே பழைய ஓவியங்களைத் திருத்துகிற வேலையாம். இத்தாலியன் நன்றாகக் கதைத்தார். கடைசிப் பாட்டின்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்து நான் இன்னும் உருக்கமாகச் சொன்னேன்.

பிறகு கவுண்டருக்கு வந்து தலை குனிந்து நன்றி சொன்னார். தகப்பனுடைய காரில் பள்ளிக்கூடம் போன காலம் நினைவுக்கு வந்ததாம். ஆனால் நடுவில் வருகிற பேச்சு பாட்டில் இல்லையாம். யாரோ றேடியோவில் இருந்து பதியும்போது குறுக்கே வந்த அறிவிப்பாம். என்ன அறிவிப்பு என்று கேட்டேன். மிகவும் பணிவாக மொழிபெயர்த்தார்: “பெருந்தெருவிலை லொறி ஒண்டு பிரண்டு கிடக்குது. மூண்டு கிலோமீற்றருக்கு நெரிசல். தயவுசெய்து வேறை பாதையாலை போங்கோ.”

மனுசியின் கேள்வி

வீட்டுக்கு வந்து மனுசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை, மாமியார், சால்வோவின் கண்ணீர், ஒன்றையும் விடவில்லை. இது தெரியவந்தால் ஊர் சிரிக்கும், வியாழன் போய்விடும், நான் திரும்பவும் ஏணியில்தான் என்றேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டாள்: “கலியாணம் கட்டின புதுசிலை என்ரை காதுக்குள்ளை சொன்னதும் உதுதானோ?”

வியாழக்கிழமைத் தீர்ப்பு

அடுத்த வியாழன் கடையில் இருக்க இடமில்லை. அந்தப் பேச்சை விட்டுவிட்டுப் பாடினேன். என்னவென்று தெரிந்த பிறகு அதே முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல வெட்கமாக இருந்தது. கிற்றார் தனியே அழுது முடித்தது. ஒருவரும் கை தட்டவில்லை. சால்வோ எழும்பி, நடுவில் வருகிறது எங்கே என்று கேட்டார். மைக்கிலேயே சொல்லிவிட்டேன்: லொறி, மூன்று கிலோமீற்றர், வேறு பாதை.

ஒரு குச்சி அசையவில்லை. காசுமேசையில் இருந்த சிஞோரா லின், மணக்கத் தொடங்கின மீனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். என் முழங்கால்கள் அப்போதே நோகத் தொடங்கிவிட்டன. சால்வோ மட்டும் இன்னும் கதிரையில் இருக்காமல் நின்றார். மற்ற மேசைகளைத் திரும்பிப் பார்த்தார்: “நான் இந்த ஊரிலை பஸ் ஓடித் தலை நரைச்சவன். நெரிசலைப் பற்றி இவ்வளவு மரியாதையா ஒருத்தரும் கதைச்சு நான் கேக்கேல்லை. மாஎஸ்த்ரோ, திருப்பிச் சொல்லும்!”

சொன்னேன். லொறி பிரண்ட இடத்தில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். வேறு பாதையால் போகச் சொன்னபோது, இந்த ஊரில் வேறு பாதை எங்கே இருக்கிறது என்று ஒரு பெண் கத்த, கடை இடிந்து விழுகிறமாதிரிக் கைதட்டல். சால்வோ வழமைபோல அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. இத்தனை வருடமாகப் பாடியதில், எனக்கும் கேட்கிறவர்களுக்கும் ஒன்றாக விளங்கியது அன்றைக்குத்தான்.

கடை பூட்டுகிற நேரம் சிஞோரா லின் கூப்பிட்டார். ஏப்ரனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே போனேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை: “ஏப்ரனைப் போடு. அடுத்த கிழமையிலை இருந்து பாட்டைக் குறை, நெரிசலைக் கூட்டு.”

ஆகவே, சகோதரங்களே, பலெர்மோவில் வாகன நெரிசலால் வேலை தப்பிய ஒரே ஆள், நான் அறிய, நான்தான்.