கொக்கின் பாதத்துக்கு ஒரு சாட்சி

பறவைப் படம் பிடிக்கிற வேலையில், அசையாமல் நிற்கவேண்டிய பறவை பறந்துவிடும். போகவேண்டிய மனிதர்கள் அசையாமல் நின்று பேச்சுக் கொடுப்பார்கள். சேற்றில் நின்று கால் மரத்துப்போன சக பாவிகளே, இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பந்தயம்

பட்டணத்தில் விலங்கியல் படிக்கிறேன். கொக்கு என்றால் அசையாமல் நிற்கும், மீன் தானாகப் பக்கத்தில் வந்தால் கொத்தும், அவ்வளவுதான் என்று ஒருநாள் எங்கள் பேராசிரியர் பாடத்தை முடிக்கப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். எங்கள் ஊர்ப்பக்கம் நோணாங்குப்பத்து ஆற்றின் உப்பங்கழியில் மார்கழி மாதம் சின்ன வெள்ளைக் கொக்கைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு பாதத்தை நீட்டிச் சேற்றைக் கலக்கி, ஒளிந்திருக்கும் மீனைக் கிளப்பிவிட்டுப் பிடிக்கிறது என்றேன்.

தூரத்திலிருந்து பெண்பிள்ளைகள் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் என்றார். தூரத்துக்கும் பெண்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மணி அடித்த பிறகும் நாங்கள் ஓயவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பொங்கல் விடுமுறை முடிந்து நான் படத்தோடு வந்தால், தாம் சொன்னது தப்பு என்று வகுப்பின் முன் ஒப்புக்கொள்வார். வராவிட்டால்?

"வருஷம் முடியற வரைக்கும் நீங்க கையைத் தூக்கக் கூடாது."

எதிர்ப்பக்கம்

சோறு தண்ணீர் இல்லாமல் இரு என்றால் இருந்துவிடுவேன். வகுப்பில் வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்படி? ஊருக்கு வந்ததும் மாமா வீட்டுக்கு ஓடினேன். அம்மாவின் தம்பி; பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனுக்குப் போய்த் திரும்பியபோது ஒரு காமிரா வாங்கிவந்தவர். முன்னால் இரண்டு கண் வைத்த பெட்டி அது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேல்பக்கத்துக் கண்ணாடியில் குனிந்து பார்க்கவேண்டும்.

அந்தக் கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும் என்பதை மாமா சொன்னார். நானும் எல்லாம் தெரியும் என்று தலையாட்டினேன். கழியில் கொக்கு கண்ணாடியில் வலப்பக்கம் நகர்ந்தது. நானும் வலப்பக்கம் திரும்பினேன். உண்மைக் கொக்கோ இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் துரத்தத் துரத்த அது படத்தை விட்டு ஓடியது. ஃபிலிம் முழுவதும் இப்படியே தீர்ந்தது. கழுவி வந்த படங்களை மாமா வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணி ரொம்ப நல்லா வுழுந்திருக்கு. கொக்கு எங்கடி?"

சிவப்புத் தொப்பி

கிட்டே போனால்தான் பாதம் தெரியும். தென்னங்கீற்றை வளைத்து ஒரு மறைப்புக் கட்டி உள்ளே உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ச் சரக்கு படகேறி, எல்லை தாண்டி மதுவிலக்கு உள்ள அந்தப் பக்கத்துக்குப் போவது ஊரறிந்த வியாபாரம். ஆற்றோரம் கீற்று மறைப்பும் அதற்குள் ஒரு கறுப்புப் பெட்டியும் இருந்தால் போலீஸ்காரர் என்ன நினைப்பார்? பெட்டியைத் திற என்றார். திறந்தால் ஃபிலிம் வெளுத்துப்போகும், முடியாது என்றேன். சந்தேகம் கூடியது. ஒரு பெண் ஆற்றோரம் உட்கார எந்தச் சட்டம் தடுக்கிறது, பிரெஞ்சுச் சட்டமா இந்தியச் சட்டமா என்று கேட்டேன். பிரெஞ்சுக்காரர் ஊரை விட்டுப் போய்ச் சில வருஷம்தான் ஆகியிருந்தது; எது நடப்பில் இருக்கிறது என்பதில் அவருக்கே கொஞ்சம் குழப்பம்.

கடைசியில் நீங்களே பாருங்கள் என்று காமிராவை நீட்டினேன். சிவப்புத் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் பூட்ஸ் சத்தத்துக்குக் கொக்கு எழுந்து பறந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"நேர்லயே நல்லாத் தெரியுதேம்மா, இதுக்கு எதுக்குப் பொட்டி?"

குழம்புக்கு ஆகாது

விடுமுறை தீர்ந்துகொண்டே வந்தது. அந்தக் கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஓர் அக்கா உண்டு. கழுத்தளவு தண்ணீரில் போவார், வருவார்; நான் இருந்த இடத்திலேயே இருப்பேன். போகும்போதெல்லாம் என்ன கெடச்சுது என்று விசாரிப்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

ஒரு காலையில் கொக்கு மறைப்புக்கு மிக அருகே வந்துவிட்டது. தண்ணீர் கணுக்கால் அளவுதான். பாதத்தை நீட்டியது, நடுக்கியது, சேறு புகைபோலக் கிளம்பியது. மூச்சை அடக்கி ஒரே ஒரு தடவை அமுக்கினேன். அது மீனை விழுங்கிவிட்டு, நன்றி கெட்ட ஜென்மம், பறந்துபோயிற்று. நான் மறைப்பைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கொக்கின் கால் கிடைத்துவிட்டது என்று அக்காவிடம் கத்தினேன்.

"காலு மட்டுந்தானா? கொழம்புக்கு ஆவாதே."

சுத்தம்

ஃபிலிமை முத்தியால்பேட்டையில் சூசை அண்ணன் ஸ்டுடியோவில் கொடுத்தேன். கல்யாணப் பெண்ணின் பருவையும், மாதா கோயிலில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் கன்னத்துத் தழும்பையும் நெகட்டிவில் பென்சில் தீட்டியே மறைத்துவிடுவதில் கெட்டிக்காரர். மறுநாள் போனேன். பெரிதாகப் போட்டு, ஓரம் வெட்டி, அட்டையில் ஒட்டியே வைத்திருந்தார். கொக்கு இருந்தது. நீட்டிய பாதம் இருந்தது. தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. சேறு மட்டும் இல்லை!

சேறுதான் அண்ணே சாட்சி, அதைப் போய்த் துடைத்துவிட்டீர்களே என்று எனக்கு அழுகை வந்தது. அவருக்கோ ராத்திரியெல்லாம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலையைக் குறை சொல்கிறேன் என்று வருத்தம். பென்சில் அழியுமா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே நெகட்டிவை எடுத்து, பஞ்சில் டர்பன்டைன் நனைத்தார். துடைக்கத் துடைக்க என் சேறு திரும்பி வந்தது: விரலைச் சுற்றிய கலங்கல், அதிலிருந்து தெறித்தோடும் ஒரு பொடிமீன், அதை நோக்கி இறங்கும் அலகு.

"திரும்பப் போட்டுத் தரேம்மா. ஆனா அழுக்குக் காலோட வெளிய போற படத்துக்கு என் ஸ்டுடியோ முத்திரை கெடையாது."

தீர்ப்பு

முத்திரையில்லாத படத்தைப் பேராசிரியரின் மேசையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, சொன்ன சொல் தவறாத மனிதர், வகுப்பைப் பார்த்துத் தாம் சொன்னது தப்பு என்றார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நான் பெருமையோடு உட்காரப்போனேன். அவர் படத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.

"வலது காலாலதான் எப்பவும் கலக்குமா, இல்ல ரெண்டும் உண்டா? படம் இருக்கா?"

ஒரு மீன் கிடைத்தால் கொக்குக்கு அந்த வேளைப் பசி தீர்ந்துவிடும், ஒரு படம் கிடைத்தால் எடுத்தவளுக்கு அடுத்த மார்கழியும் சேற்றில்தான்.