நான் திரும்பக் கேட்டுக்கொண்ட ஜெபம்

என் மகள் பரீட்சையில் தோற்க வேண்டும் என்று ஆண்டவரிடம் முழங்கால் போட்டுக் கேட்டவள் நான். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறவர்கள் வியாதி நீங்கியதைச் சொல்கிறார்கள், புயலில் தப்பியதைச் சொல்கிறார்கள். நான் சொல்லப்போவது அப்படி மெச்சிக்கொள்கிற சங்கதி இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருந்தால், பெற்ற கிருபையை மடியில் ஒளித்து வைத்த மாதிரி ஆகிவிடும். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எங்கள் உபதேசியார் எழுதுகிறார். அவர் எழுத்து கொஞ்சம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சாராள். பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கிற கொக்குத்திட்டு எங்கள் ஊர். நாற்பது வீடு, ஓலை வேய்ந்த ஒரு கோவில், ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோகிற ஒரு பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் படகேற வேண்டும். யாரும் ஏறியதில்லை. ஆண்பிள்ளை வலைக்குப் போவான், பெண்பிள்ளை அடுப்புக்குப் போவாள். இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தால் அக்கரைக்குப் போய் எவர் முன்னாலாவது கை கட்டி நிற்க வேண்டும். 1949இல் என் வீட்டுக்காரர் தானியேல் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரைப் புதைத்தபோது அதையும் பெட்டிக்குள் வைத்துவிட்டோம்.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. அதற்கு முறை உண்டு. பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தரம் ஆவணி மாதத்தில் ஊர் கூடும். வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எந்த நாளில் எந்தத் துறையில் யாருக்குப் பாடு என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். ஆண் இல்லாத வீட்டுக்குப் பாடு இல்லை. செத்துப்போனவர் பெயரை மட்டும் ஏழு வருஷம் கூப்பிடுவார்கள். அதற்குள் மகனோ, வீட்டோடு வந்த மருமகனோ குரல் கொடுத்தால் பாடு அந்த வீட்டில் நிற்கும். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். எனக்கு மகன் இல்லை. எஸ்தர் ஒருத்திதான்.

அவள் ஐந்தாவது முடித்ததும் உபதேசியார் திருவள்ளூரில் ஒரு பெண்கள் போர்டிங் பள்ளியில் இடம் கேட்டு வாங்கினார். 1950 ஜூனில் அவளை அனுப்பினேன். பெட்டிக்குள் வைத்த அந்தச் சீட்டு என் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததால்தான் அனுப்பினேன். அறிவாளி என்று யாரும் என்னை நினைத்துவிட வேண்டாம்.

அவள் போன பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எனக்கு வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நாளெல்லாம் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடித்துப் பறிக் கூடையில் போடுவேன். அப்போது வாய் திறக்க வழியில்லை, ஏனென்றால் பறியைப் பல்லில் கடித்திருப்போம். வீட்டுக்கு வந்தால் வாய் சும்மா இருக்கும், பேச ஆள் இருக்காது. கோழியோடு பேசினேன். அது முட்டை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கிறிஸ்மஸுக்கும் கோடை விடுமுறைக்கும் எஸ்தர் வருவாள். வருகிற ஒவ்வொரு தரமும் கொஞ்சம் உயரமாகவும் கொஞ்சம் தூரமாகவும் இருப்பாள். ஆறு வருஷம் இப்படிப் போயிற்று.

ஆறாவது வருஷம் என் கொழுந்தனார் யாக்கோபு வந்து வாசலில் நின்றார். கெட்டவர் அல்ல. என் வீட்டுக் கூரைக்கு இரண்டு தரம் ஓலை போட்டுக் கொடுத்தவர்.

"அண்ணி, இந்த ஆவணியோட ஏழு வருசம் முடியுது. எம் பொண்டாட்டியோட தம்பி ஊட்டோட வரேன்றான். பொண்ணக் கட்டி வச்சுட்டா அண்ணன் பாடு நிக்கும். உனுக்கும் தண்ணில கெடக்கற வேல இல்ல."

"அவ பெரிய பரீச்ச எழுதப்போறாளே தம்பி."

"எழுதட்டும். பாஸாயிட்டா ஒரு பேச்சு. இல்லன்னா கட்டி வச்சுடு" என்றார்.

அன்றிலிருந்துதான் அந்த ஜெபம் தொடங்கியது. ஊருக்கு முன்னால் "என் பிள்ளைக்கு ஞானத்தைக் கொடும்" என்று வாய் சொல்லும். வீட்டுக்குள் தனியாக முழங்கால் போட்டால் வேறு ஜெபம் வரும். "ஆண்டவரே, அவள் தோற்கட்டும். ஒரே ஒரு தரம் தோற்கட்டும். என் வீட்டுக்கு வந்துவிடட்டும்." வெட்கத்தோடுதான் சொல்கிறேன், நான் அவ்வளவு உருக்கமாக வேறு எதையும் கேட்டதில்லை.

பரீட்சை எழுதிவிட்டு வந்த எஸ்தருக்கு மே மாதத்தில் அம்மை போட்டது. ரிசல்ட் வருகிற சமயத்தில் அவளால் படகேற முடியவில்லை. நானே சுண்ணாம்புக்குளத்துக் கரைக்குப் போய், கருவாடு வாங்கி மளிகை விற்கும் காதர் பாய் கடையில் பேப்பர் பார்த்து வருவதாகச் சொன்னேன். "நம்பரத் தாள்ல எழுதித் தரேம்மா" என்றாள். படகில் எத்தனை தாள் கரைந்து போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் கணக்கு எல்லாம் வலை நூலில் முடிச்சுதான். பாடு நாளுக்கு எத்தனை கூடை மீனோ அத்தனை முடிச்சு, பிறகு கொஞ்சம் நூல் விட்டு அடுத்த நாளுக்கு முடிச்சு. எஸ்தர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். நான் முடிந்துகொண்டேன்.

கடையில் காதர் பாய் பேப்பரை விரித்து வைத்திருந்தார். பழவேற்காட்டுக்காரர், கண்ணாடி போட்டவர், நாலு கரை ஜனமும் அவரிடம்தான் காகிதம் படிக்கப் போகும். நான் நூலைத் தடவி எண்ணிச் சொன்னேன்.

"நாலு. ஏழு. மூணு."

"நானூத்தி எழுவத்தி மூணு..." அவர் விரலை மேலிருந்து கீழே இழுத்தார். மறுபடியும் இழுத்தார். கடையில் கும்பல் நின்றிருந்தது. "இல்லயேம்மா. விடு, பொட்டப் புள்ளதானே, ஆண்டவன் வேற வழி வச்சிருப்பான்."

அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கோ மனசெல்லாம் குளிர்ந்தது. இன்னொரு தரம் பாருங்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. எந்தத் தாயும் கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. படகில் திரும்பி வரும்போது வாய்க்குள் கீர்த்தனை பாடிக்கொண்டு வந்தேன்.

எஸ்தர் அழவில்லை. "சரிம்மா" என்றாள். புத்தகங்களைக் கட்டிக் கூரைச் சரிவில் செருகினாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினதும், "நானும் இறாலுக்கு வரேன்" என்று பறியை எடுத்துக்கொண்டாள். மூன்றே நாளில் அவள் விரல்களெல்லாம் கீறல். வீட்டில் இரண்டு பேருக்குச் சோறு வடித்தேன். நான் கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, ஆறு வருஷத்தில் ஒருநாளும் இல்லாத தனிமை எனக்கு வந்தது. அவள் என்னைப் பார்க்காமல் சாப்பிட்டாள்.

பத்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி தன் கைக்குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"எஸ்தரு, இதுல இன்னா போட்டுருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

எஸ்தர் அதை வாங்கவே இல்லை. "எனுக்குத் தெரியாதுக்கா. நான் ஃபெயிலு" என்றாள்.

அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாது என்றாள். அந்தச் சீட்டு யார் கையிலும் சேராமல் அந்தரத்தில் நின்றதைப் பார்த்ததும் தானியேலோடு புதைத்த சீட்டு நினைவுக்கு வந்தது. நான் தோற்கடிக்கச் சொன்னது என் மகளை மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோவிலுக்கு ஓடினேன். நடுப்பகல், உள்ளே யாரும் இல்லை. "ஆண்டவரே, நான் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். எனக்கு அவள் வேண்டாம். அவள் அவளாகவே இருக்கட்டும்" என்று தரையில் முகத்தை வைத்து அழுதேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வெளியே காக்கை கத்தியது, அவ்வளவுதான். ஆனால் அவளிடம் சொல்லாமல் இந்த ஜெபத்துக்கு ஆமென் போட முடியாது என்று மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். இடுப்பில் செருகியிருந்த நூலை அவள் மடியில் போட்டேன்.

"நீ ஃபெயிலாவணும்னு நான்தான் ஜெபம் பண்ணேன். பேப்பர்ல இல்லன்னதும் சந்தோசப்பட்டேன். இன்னொரு வாட்டி பாக்கச் சொல்லல. என்னை இன்னா வேணா சொல்லு."

அவள் தலை குனிந்தபடி நூலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"யம்மா, நாலுக்கு அப்புறம் ஜீரோ சொன்னேனே. அது எங்க?"

"ஜீரோன்னா ஒண்ணுமில்லன்னு நீதானே சொல்லிக் குடுத்த? ஒண்ணுமில்லாததுக்கு இன்னாத்துக்கு முடிச்சு?"

எஸ்தர் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "என் நம்பரு நாலாயிரத்து எழுவத்தி மூணும்மா!"

யாக்கோபிடம் ஓடினேன். அவர் படகுக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கர வரைக்கும் வரேன் அண்ணி. பேப்பர்ல இருந்தா அப்படியே ரயிலுக்குப் போங்க. இல்லன்னா திரும்பி வந்து கல்யாணத்துக்கு நாள் குறிச்சுடணும். சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்கக்கூடாது" என்றார். நானும் தலையாட்டினேன். திருவள்ளூர் போய் டீச்சர் டிரெயினிங்குக்கு மனு போட இன்னும் நாலே நாள்தான் இருந்தது.

காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "பத்து நாளாச்சேம்மா! அந்தப் பேப்பர்ல மொளகாயும் சீரகமும் கட்டிக் குடுத்துட்டேனே!"

மூட்டைகளை நகர்த்தினார். டின்களைக் கவிழ்த்தார். எஸ்தர் வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். யாக்கோபு வெயில் சாய்கிறதைப் பார்த்தார். நான் கடை நடுவில் நின்றபடியே, "பிதாவே, அவளுக்காக, எனக்காக இல்லை" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். கடைசியில் வெல்லக் கூடையைத் தூக்கினார் பாய். அடியில் விரித்திருந்தது அந்தத் தாள். வெல்லம் கசிந்து ஒட்டியிருந்தது. விரலை எச்சில் தொட்டு மெதுவாகப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"நாலாயிரத்து எழுவத்தி மூணு. இருக்குதும்மா! இருக்குது! இங்க எல்லா நம்பரும் நாலாயிரத்துலதானே இருக்கு, அன்னிக்கி எம் புத்தி எங்க போச்சு?"

நான் அந்த மண் தரையிலேயே முழங்கால் போட்டேன். பாய் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். என் ஆண்டவர் எனக்குச் செய்த பெரிய காரியம் இதுதான். நான் கேட்ட பொல்லாத ஜெபத்தை அவர் கேட்டுவிடவில்லை.

அன்றே மாட்டு வண்டி பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குப் போய் அவளை ரயிலேற்றினேன். திரும்பி வந்தபோது படகில் யாக்கோபும் நானும் மட்டும். பாதி ஏரி கடந்த பிறகு, "அண்ணன் பாடு போச்சே அண்ணி" என்றார். "போவட்டும் தம்பி" என்றேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்த பிறகு இல்லை.

ஆவணியில் ஊர் கூடியது. பெண்கள் அந்தக் கூட்டத்தில் பேசுகிற வழக்கமில்லை. வேலி ஓரமாக நின்றேன். ஊர்ப் பெரியதனக்காரர், "தானியேல் வீடு" என்று கூப்பிட்டார். இரண்டாம் தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிடுவதற்கு முன் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பெயர் பதிலில்லாமல் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றியது.

"ஆளு இல்லைங்க. படிக்கப் போயிருக்குது" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பெரியதனக்காரர் சிரிக்கவில்லை. பெயரை அடித்துவிட்டு அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.

இது 1959. எஸ்தர் இப்போது எளாவூரில் டீச்சர் வேலை பார்க்கிறாள். எங்கள் பள்ளிக்கூடம் இன்னும் ஐந்தாவதோடுதான் நிற்கிறது. அதனால் கொக்குத்திட்டுப் பிள்ளைகள் மூன்று பேரை அவள் தன் வீட்டில் வைத்து மேலே படிக்க வைக்கிறாள். என்னையும் வந்துவிடச் சொல்கிறாள். நான்தான் போகவில்லை. ஏரியை விட்டால் எனக்கு மூச்சு வராது. இன்னும் இறால்தான் பிடிக்கிறேன், இன்னும் தனியாகத்தான் இருக்கிறேன். தனிமை நீங்கிவிட்டது என்று ஆண்டவர் பேரைச் சொல்லிப் பொய் பேச மாட்டேன். ஆனால் முன்னே அது வெறும் வயிறு மாதிரி பிடுங்கும். இப்போது அப்படி இல்லை.

அன்பான ஜனங்களே, தப்பாக ஜெபித்துவிட்டோமே என்று பயந்து அவர் முகத்துக்கு மறைந்து திரியாதீர்கள். திரும்பப் போய்ச் சொல்லுங்கள். யாருக்குத் தீங்கு நினைத்தீர்களோ அவர்களிடமும் சொல்லுங்கள். அவர் வழி வைத்திருப்பார்.

போன வாரம் மூன்றாவது பிள்ளை படகேறியது. நாலு வீடு தள்ளி இருக்கிற ராகேலின் மகன். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவன் போட்டுவிட்டுப் போன பழைய சட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, ஜெபம் பண்ண உக்காந்தா, அவன் வந்துடணும்னுதான் வாயில வருது. நான் இன்னா பண்றது?"

"அதையும் அவருகிட்ட சொல்லு. அப்புறம் அவன் பாஸாவணும்னு கேளு. அழுதுக்கினே கேளு, அவரு தப்பா எடுத்துக்க மாட்டாரு" என்றேன்.

அவளுக்கு முதல் வார்த்தை வரவில்லை. நான் பக்கத்தில் முழங்கால் போட்டுக்கொண்டு, அவளுக்கு வருகிற வரைக்கும் காத்திருந்தேன்.