அண்ணன் காலியாக விடச் சொன்ன கால்வாசி

எங்கள் அண்ணன் வடக்குப்பட்டில் பிறந்தார். அப்பா தவறியபோது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. என் படிப்புக்காக அண்ணன் ஒரகடத்தில் ஒரு சிறிய பட்டறையில் ஷிப்டும் ஓவர்டைமுமாக நின்றார். யாரையும் கடிந்து பேசமாட்டார்.

அவர் ஓட்டியது துளையைக் குடைந்து பெரிதாக்கும் மெஷின். குடைகிற நீளக் கம்பி அதிர்ந்தால் துளைக்குள் வரிவரியாக விழும், ஜாப் வீண். அண்ணன் கம்பிக்குள் பொந்து போட்டு, சைக்கிள் பால்ஸை, அந்தச் சின்ன இரும்புக் குண்டுகளை, கொட்டி மூடினார். குண்டுகள் ஒன்றோடொன்று மோதி உரசி அதிர்வை அடக்கிவிடும். வீட்டில் சொன்னபோது, "கிலுகிலுப்பை செய்றியாண்ணா?" என்று சிரித்தேன்.

இறுதியாண்டு பிராஜெக்ட்டுக்கு வேறெதுவும் கிடைக்காமல் அதையே எடுத்தேன். இரும்புக் குழாயில் குண்டுகளை விளிம்புவரை நிரப்பினேன். அதிர்வு குறையவில்லை. அண்ணன் குழாயை வாங்கிக் குலுக்கினார்.

"ரொப்பி வெச்சா அது எங்க பாப்பா ஆடும்? கால்வாசி காலியா வுடு."

விட்டேன். குழாயைத் தட்டினால் அதிர்வு உடனே அடங்கியது.

தேர்வன்று அரைநாள் லீவு போட்டு, குழாயைச் சுமந்துகொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். காலியிடம் எவ்வளவு என்று எப்படி முடிவு செய்தாய் என்று தேர்வாளர் கேட்டார். கணக்குப் போட்டேன் சார் என்றேன். அண்ணன் கதவருகே நின்றிருந்தார்.

திரும்பும்போது படப்பை வரை அண்ணன் குழாயை மடியில் வைத்திருந்தார். பிறகு, "அந்தக் கணக்க எனக்கும் சொல்லிக் குடு பாப்பா. நான் ஒவ்வொரு கம்பிக்கும் குண்டு போட்டுப் போட்டுப் பாத்துகினு கீறேன்" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். இன்னும் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

அண்ணன் மஞ்சள் காமாலையில் படுத்தபோது பதினொரு நாள் கட்டிலருகே இருந்தேன். அப்போதும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த நாட்களில் முறைவைத்துத் துணையிருந்த பட்டறைத் தோழர்களுக்கும், சேரப்பணஞ்சேரியிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த அத்தைக்கும், அண்ணனின் இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என் பிராஜெக்ட் புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். அண்ணன் இல்லை.

அண்ணா, நான் கணக்கு எதுவும் போடவில்லை. அந்தக் கால்வாசி நீ சொன்னது.